முழங்கால் வலி திரும்பத் திரும்ப வந்தபோது

உப்புவெளியிலிருந்து ஒரு பயிற்றுநர்:

திருகோணமலையில் பெண்கள் கூடைப்பந்தாட்ட அணியொன்றைப் பயிற்றுவித்து வருகிறேன். எங்கள் அணியின் மிகச் சிறந்த வீராங்கனைக்கு 17 வயதில் முழங்காற்சில்லுக்குக் கீழே வலி தொடங்கியது. இரண்டு கிழமை ஓய்வு கொடுப்போம், வலி போய்விடும், மீண்டும் ஆடுவாள், மூன்றாம் நாளே நொண்டுவாள். ஒரே ஆண்டில் நான்கு முறை இப்படி நடந்தது. ஓய்வு வலியை அடக்குமே தவிர, முழங்காற்சில்லைக் கீழ்க்கால் எலும்போடு இணைக்கும் தசைநாணைப் பலப்படுத்தாது என்பதும், ஓய்ந்திருக்கும் நாட்களில் தொடைத் தசையும் மெலிந்துவிடுவதால் திரும்பி வரும்போது அதே துள்ளல் முன்பைவிடப் பாரமாக முழங்காலில் இறங்குகிறது என்பதும் எனக்கு அப்போது விளங்கவில்லை.

மாகாண மட்டப் போட்டிக்கு முந்திய கிழமை, "சேர், இப்ப நோகேல்லை" என்றாள். அன்று மாலை, வகுப்பறைக் கட்டடத்தின் படிகளில் கைப்பிடியை இறுகப் பற்றியபடி, நோகும் காலையே ஒவ்வொரு படியிலும் முதலில் வைத்து, மற்றக் காலை அதனருகே சேர்த்துச் சேர்த்து அவள் இறங்கியதைத் தற்செயலாகக் கண்டேன். அவளை அந்தப் போட்டியில் இறக்கவில்லை. தோற்றோம். பெற்றோர் சிலர் பல நாட்கள் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதன்பின் பிசியோதெரபி சிகிச்சையாளர் சொல்லித் தந்தபடி, கதிரையில் அமர்ந்து பாரத்தைக் காலால் தூக்கி 45 விநாடி அசையாமல் தாங்குவதை 5 முறை செய்வதில் தொடங்கி, மெதுவாகக் குந்தி எழும் பயிற்சிக்கு வந்து, துள்ளலைக் கடைசியாகவே சேர்த்தோம். ஒரு பயிற்சியில் எத்தனை தடவை துள்ளினாள் என்பதைக் கொப்பியில் எழுதினேன். மறுநாள் காலை ஒற்றைக் காலில் குந்தச் சொல்லி, வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்பேன். முந்திய நாளைவிடக் கூடியிருந்தால் அன்றைய துள்ளல்களைப் பாதியாக்கிவிடுவேன். ஐந்து மாதங்களில் அவள் முழு ஆட்டம் ஆடினாள். அந்தக் கொப்பியை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஓர்ஸ் ஹில்லிலிருந்து ஒரு முன்னாள் வீராங்கனை:

சேர், உங்கள் பிள்ளைக்குத் தசைநாண்; எனக்கோ மூட்டுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் முன்சிலுவைத் தசைநார் அறுந்தது. பந்தோடு திரும்பும்போது "டொக்" என்று கேட்டது, இரண்டு மணித்தியாலத்துக்குள் முழங்கால் பூசணிக்காய் போல வீங்கியது. சுளுக்கு என்று எண்ணெய் தடவிக் கட்டினார்கள். வீக்கம் வற்றியதும் ஆடப் போனேன், கால் இரண்டு முறை மடிந்து விழுந்தேன், உள்ளிருக்கும் குருத்தெலும்பு வட்டும் கிழிந்தது. உடனே வீங்கும் முழங்காலைச் சுளுக்கென்று விட்டுவிடாதீர்கள் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

2011இல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட அமைப்பான என்.பி.ஏ.யின் மிக மதிப்புமிக்க வீரர் விருதை மிக இளைய வயதில் வென்ற டெரிக் ரோசுக்கு 2012 ஏப்ரலில் இடது முழங்காலில் இதே தசைநார்தான் அறுந்தது. அடுத்த பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. ஆனாலும் 2013 நவம்பரில் வலது முழங்காலில் வட்டு கிழிந்தது. அதனால்தான், எனக்குச் சத்திரசிகிச்சை முடிந்து 9 மாதமாவது கழிந்து, அந்தக் காலின் பலம் மற்றக் காலினதில் 90 சதவீதத்தையேனும் எட்டிய பிறகே ஆடலாம் என்று வைத்தியர் சொன்னபோது நான் மறுக்கவில்லை. அம்மா மாதந்தோறும் தையல் நாடாவால் இரு தொடைகளையும் அளந்து கலண்டரில் குறித்து வைத்தார். முதல் மாதம் மூன்று சென்ரிமீற்றர் வித்தியாசம். பத்தாம் மாதம் நான் பந்தைக் கையில் எடுத்தபோது அரை.