பினாங்கு ஜெலுத்தோங்கில் அம்மாவின் வீட்டைக் காலி செய்யணும், ஆனால் எல்லாவற்றையும் ஒரே லோரியில் ஏற்றிவிட மனசில்லை

ஜெலுத்தோங்_மகள்:

வணக்கம். இந்த வருடத் தைப்பூசம் முடிந்த வாரம் அம்மா தவறிவிட்டார். வீட்டை விற்றாயிற்று. அடுத்த மாதக் கடைசியில் சாவியைக் கொடுக்க வேண்டும். அண்ணன் ஈப்போவில், நான் கோலாலம்பூரில். 41 வருடச் சாமான் உள்ளே அப்படியே கிடக்கிறது.

இரண்டு ஐஸ்பெட்டி இருக்கின்றன. ஒன்று ஓடுகிறது, இன்னொன்று எப்போதோ செத்துப்போய், அம்மா அதில் அரிசி வைத்திருந்தார் (எலி ஏறாதாம்). பின்பக்கம் பெருத்த பழைய டிவி ஒன்று, மெத்தை மூன்று, கரையான் பாதி தின்ற பலகை அலமாரி. அப்பா கட்டிக் கட்டி வைத்த தமிழ் நேசன் பத்திரிகை மூட்டைகள். ஆட்டுக்கல். ஒரு பிஸ்கட் டின் நிறைய நீரிழிவு மாத்திரை. சாமி படம் மட்டும் 26, எண்ணிப் பார்த்தேன்.

ஒருவர் வந்து பார்த்துவிட்டு, 900 ரிங்கிட் கொடுத்தால் வாசலில் ரோரோ பின் (லோரியில் வரும் பெரிய குப்பைத் தொட்டி) இறக்கி ஒரே நாளில் துடைத்துத் தருகிறேன் என்றார். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று கேட்டதற்கு, "அது உங்களுக்கு எதுக்கு தங்கச்சி" என்று சிரித்தார். அண்ணன் சரி என்கிறார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. 2022 ஜூனில் ஜெலுத்தோங் குப்பைமேடு எரிந்தபோது அம்மா ஜன்னலை எல்லாம் மூடி, கதவிடுக்கில் ஈரத்துண்டைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவின் சாமானே அப்படி ஒரு மேட்டுக்குப் போவதா?

எதை யாரிடம் கொடுப்பது? மூன்று வார இறுதிகள்தான் கையில் இருக்கின்றன.

செந்தூல்வாசி:

அந்தச் சிரிப்பை நானும் பார்த்திருக்கிறேன் தங்கச்சி. மாமனார் வீட்டைக் காலி செய்தபோது ஒரு குத்தகைக்காரரிடம் விட்டேன். பெயர் வேண்டாம். மூன்று வாரம் கழித்து நகராட்சி மன்றத்திலிருந்து போன் வந்தது. செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் ஒரு லோரிக் குப்பை கிடக்கிறதாம், அதற்குள் மாமனாரின் மின்சார பில்லாம். செத்த மனுஷன் பெயரில் விசாரணை! நான் போய் நின்று விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு நாள் சம்பளம் போச்சு. அதனால் யாரை வைத்தாலும் லோரி எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குப்பை நிலையத்தில் எடை போட்ட சீட்டைக் கொண்டுவந்தால்தான் பாதிப் பணம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

இன்னொன்று. இங்கே கோலாலம்பூரில் குப்பை அகற்றுவதற்கான 2007ஆம் ஆண்டின் 672ஆவது சட்டம் நடப்பில் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளும் பெரிய சாமானும் எடுப்பார்கள். பினாங்கு அந்தச் சட்டத்தில் சேரவில்லை. அங்கே 2016 ஜூனிலிருந்து மாநிலத்தின் சொந்தத் திட்டத்தில்தான் குப்பையைப் பிரிக்கிறார்கள். ஆகவே உங்கள் தாமானில் (குடியிருப்பில்) கேட்டதை வைத்து ஜெலுத்தோங்கில் மெத்தையை வாசலில் வைத்துவிடாதீர்கள். பினாங்குத் தீவு மாநகர் மன்றத்துக்குப் போன் போட்டு, பெரிய சாமான் எடுக்கும் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய_கம்ப்ரெசர்:

நான் 30 வருடம் பட்டர்வொர்த்தில் ஐஸ்பெட்டி ரிப்பேர் பார்த்தவன். மற்ற சாமானை விடுங்கள், அந்த அரிசிப் பெட்டியிலிருந்து ஆரம்பிப்போம். ஓடாதது என்பதால் ஆபத்தில்லை என்று எண்ண வேண்டாம்.

பின்னால் கம்ப்ரெசர் பக்கத்தில் ஒரு தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். ஆர்-12 என்று போட்டிருந்தால் அது ஓசோன் படலத்தை அரிக்கிற வாயு. 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி 2010 முதல் நம் நாட்டிலும் அதற்கு முடிவு கட்டியாயிற்று. ஆனால் பழைய பெட்டிக்குள் அது இன்னும் இருக்கலாம். ஆர்-134ஏ என்றால் ஓசோனுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 1,400 மடங்கு. ஆர்-600ஏ என்றால் அந்த அளவுக்குக் கெடுதி இல்லை, தீப்பிடிக்கும் என்பதுதான் பயம்.

பழைய இரும்பு எடுப்பவருக்கு வேண்டியது கம்ப்ரெசரும் அதற்குள் இருக்கும் செம்பும்தான். கட்டரால் குழாயை ஒரு வெட்டு. 'புஸ்ஸ்' என்று சத்தம் வரும், அவ்வளவுதான், வாயு போயே போச்சு. குறை சொல்லவில்லை, தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படி வெட்டியவன்தான். ரொம்பப் பேருக்குத் தெரியாத விஷயம் என்னவென்றால், அந்தக் காலத்துப் பெட்டிகளில் குழாயில் இருப்பதைவிடச் சுவருக்குள் இருக்கும் நுரைப்பஞ்சில்தான் அந்த வகை வாயு அதிகம். பெட்டியை உடைத்து நுரையை எரித்தால் கேட்கவே வேண்டாம்.

மின்கழிவுக்கு 2005ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளில் எஸ்டபிள்யூ 110 என்று ஓர் எண் உண்டு. எடுக்க வருபவரிடம், "சுற்றுச்சூழல் துறை லைசென்ஸில் 110 இருக்கிறதா?" என்று கேளுங்கள். தெரிந்தவர் உடனே பதில் சொல்வார். தெரியாதவர் உங்களையே முறைப்பார். டிவியும் அவரிடமே போகட்டும். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிக்காக அதை உடைப்பார்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது உடைக்க விடாதீர்கள். நீளக் குழல் விளக்கில் பாதரசம் உண்டு. அதையும் பேப்பரில் சுற்றி அதே ஆளிடம் கொடுங்கள்.

பெட்டியை வெளியே வைக்கும் அன்றே கதவைக் கழற்றிவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உள்ளே புகுந்து விளையாடும்.

பத்து_ஃபிரிங்கி_அக்கா:

தங்கச்சி, அம்மாவுக்கு என் அஞ்சலி.

மாத்திரையைச் சாக்கடையில் கொட்டாதே. எந்த அரசாங்க கிளினிக் மருந்துக் கவுன்டரிலும் திருப்பிக் கொடுக்கலாம், வாங்கிக்கொள்வார்கள். இன்சுலின் ஊசி இருந்தால் கெட்டியான டிட்டர்ஜென்ட் போத்தலில் போட்டு மூடிக் கொண்டுபோ.

பித்தளை விளக்கையும் அண்டாவையும் எடைக்குப் போட்டுவிடாதே, பிறகு அழுவாய். டிஃபன் கேரியர், மங்குத் தட்டு, பழைய ரேடியோ எல்லாம் லோரோங் கூலிட் காலைச் சந்தையில் விலை போகும், அல்லது அங்கே விற்கிறவர் யாராவது வீட்டுக்கே வருவார். நல்ல சேலையையும் ஓடுகிற மின்விசிறியையும் சூ சி என்ற பௌத்தத் தொண்டு அமைப்பின் மறுசுழற்சி நிலையத்துக்குக் கொண்டுபோனால் அங்கே தொண்டர்கள் தரம் பார்த்துப் பிரிப்பார்கள். துவைத்துக் கொண்டுபோ, கிழிந்ததைக் கொடுக்காதே. கிழிந்ததைக் கொடுப்பது தானம் இல்லை, நம் குப்பையை அவர்கள் தலையில் கட்டுவது.

சாமி படத்துக்குத்தான் எல்லோரும் முழிப்பார்கள். அரச மரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். மழையில் நனைந்து, கண்ணாடி உடைந்து, கடைசியில் கூட்டுகிற பெண் கையைக் கிழித்துக்கொள்வாள். எங்கள் கோயில் குருக்கள் எனக்குச் சொன்னது: ஒரு கற்பூரம் காட்டி விடை வாங்கிக்கொண்டால், அப்புறம் மரச்சட்டம் மரச்சட்டம்தான், கண்ணாடி கண்ணாடிதான். சட்டத்தைக் கழற்று. கண்ணாடியைத் தனியாகச் சுற்றி வை. படத்தாளை மட்டும் கோயிலில் கேட்டுக் கொடு. கடலில் மட்டும் விடாதே, இங்கே எங்கள் கரைக்குத்தான் வந்து சேரும்!

ஆட்டுக்கல்லுக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் நான் எடுத்துக்கொள்கிறேன்.

செந்தூல்வாசி:

தமிழ் நேசனைப் பேப்பர் லோரிக்குக் கிலோவில் கொடுக்கப் போகிறீர்களா? 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன பத்திரிகை அது, இனி வராது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். யாருக்குக் கொடுத்தாலும் ஒவ்வொரு மூட்டையையும் பிரித்து உதறுங்கள். எங்கள் வீட்டில் மாமனாரின் சிவப்பு அடையாள அட்டை பழைய பேப்பர் நடுவில்தான் இருந்தது.

ஜெலுத்தோங்_மகள்:

இரண்டு வார இறுதி போனது. எல்லோருக்கும் நன்றி.

கம்ப்ரெசர் அண்ணே, அரிசிப் பெட்டியில் தகடு துருப்பிடித்து, வினிகர் போட்டுத் தேய்த்த பிறகு ஆர்-12 என்று தெரிந்தது. மூன்று பேரிடம் "110 இருக்கிறதா" என்று கேட்டேன். இரண்டு பேர் முறைத்தார்கள். மூன்றாமவர் லைசென்ஸ் படத்தையே அனுப்பிவிட்டார். இரண்டு ஐஸ்பெட்டி, டிவி, குழல் விளக்கு எல்லாம் அவரிடம் போயிற்று. 900 ரிங்கிட்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அண்ணனுக்குக் கொஞ்சம் கோபம். அப்புறம் நேசன் மூட்டையை உதறியபோது அவருடைய ஆறாம் ஆண்டு ரிப்போர்ட் கார்டு விழுந்தது. கணக்கில் 38. அன்று சாயங்காலமே ஈப்போவிலிருந்து வந்து அலமாரியை உடைக்க உதவினார்.

மெத்தை மூன்றும் குப்பைக்குத்தான். மன்றம் நாள் சொல்லியிருக்கிறது, அதுவரை மழையில் நனையாமல் கார் நிறுத்தும் கூரைக்குக் கீழே வைத்திருக்கிறேன். படங்களில் 25ஐப் பிரித்துவிட்டேன். அம்மா தலைமாட்டில் இருந்த தண்ணிமலை முருகனைப் பிரிக்கக் கை வரவில்லை, அது என்னோடு வருகிறது.

அக்கா, ஆட்டுக்கல் உங்களுக்குத்தான். சனிக்கிழமை காலை 10 மணிக்கு வந்தால் நான் இருப்பேன். தனியாக வராதீர்கள், இரண்டு ஆள் வேண்டும். குழவியைத் தனியாகத் துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன்.