ஜப்பானில் ஒரு செமஸ்டர்: பெயர், பணம், பெட்டி பற்றிச் சில சந்தேகங்கள்

செக்காலை மாணவி
காரைக்குடியில் எம்.எஸ்சி. முதலாண்டு. துறை வழியாக ஜப்பானுக்கு ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச், அக்டோபரில் வகுப்பு. ஃபீஸ் இங்கே கட்டினால் போதும். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை. மார்க் ஷீட்டில் வீட்டு விலாசம் (முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள்) முழுசாக மூன்று இனிஷியல், ஆதாரில் ஒன்றுதான். இது இடிக்குமா? பணம் அப்பச்சி (அப்பா) கணக்கில் இருக்கிறது, அதைக் காட்டலாமா? ஆத்தா (அம்மா) உப்புக்கண்டம், மிளகாய்த்தூள், மிக்சி எல்லாம் கட்டித் தருகிறேன் என்கிறார்கள், விடுவார்களா?

கோட்டையூரான்
பெயரை முதலில் முடிங்க தங்கச்சி. பாஸ்போர்ட்டில் இனிஷியல் எடுபடாது, விரித்துத்தான் எழுதணும். அதற்காக அப்பா, ஐயா, அவருக்கு மேலே என்று விலாசம் முழுவதையும் விரித்தால் விமான டிக்கெட்டில் பெயர் பாதியில் அறுந்துபோகும். சர்நேம் கட்டத்தில் அப்பா பெயர், கிவன் நேம் கட்டத்தில் உங்கள் பெயர், அதோடு நிறுத்துங்க. சர்நேமைக் காலியாக விட்டால் ஒவ்வொரு ஃபாரத்திலும் தகராறு. ஆதாரை முதலில் அதே ஸ்பெல்லிங்குக்கு மாற்றிவிட்டு, மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு விண்ணப்பம் போடுங்க. 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், தட்கால் என்றால் மேலே 2,000. மார்க் ஷீட்டை மாற்ற அலைய வேண்டாம். இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று நோட்டரி அஃபிடவிட் ஒன்று கையில் இருக்கட்டும்.

அவசரம் ஏன் என்றால், சிஓஇ எனும் தகுதிச் சான்றுக்கு அந்த ஊர்ப் பல்கலைக்கழகம்தான் உங்களுக்காக இமிக்ரேஷனில் விண்ணப்பிக்கும். வர 1 முதல் 3 மாதம் ஆகும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயர்தான் அதில் ஏறும். சான்று வழங்கப்பட்ட நாளிலிருந்து 3 மாதத்துக்குள் ஜப்பானில் இறங்கிவிடணும். விசா சென்னையில். பல்லவன் ரயிலில் போனால் சேர மதியமாகிவிடும், காலை நேரம் கிடைத்தால் முந்தின இரவே கிளம்புங்க.

கண்டனூர் கணக்குப்பிள்ளை
அப்பச்சி கணக்கு தாராளமாகச் செல்லும். கூடவே செலவை அவர் ஏற்பதாக ஒரு கடிதம், வருமான வரிக் கணக்கு, உறவுக்குச் சான்று. எவ்வளவு காட்டணும் என்பதைப் பல்கலைக்கழகமே யென்னில் சொல்லும். மாதம் 80,000 யென் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்க; ஜப்பானின் மாணவர் உதவி அமைப்பான ஜாஸ்ஸோ தரும் உதவித்தொகை அந்த அளவுதான். நேற்றுப் போட்ட பணம் என்றால் கேள்வி வரும். நகைக்கடன் வாங்கிப் போட்டிருந்தால் அந்தச் சீட்டை மறைக்காமல் சேர்த்து வையுங்க. நிதியாண்டுக்கு 10 லட்சத்துக்குள் அனுப்பினால் டிசிஎஸ் (வெளிநாட்டுக்கு அனுப்பும்போது வங்கி பிடிக்கும் வரி) கிடையாது.

பகுதி நேர வேலைக்கு வாரம் 28 மணி நேரம் வரை அனுமதி உண்டு, விமான நிலையத்திலேயே கேட்டு வாங்கலாம். ஆனால் அந்தச் சம்பளத்தை நம்பி வரவு எழுதாதீங்க.

துறை ஆபீஸ்
நீங்கள் கேட்காமல் விட்டது செமஸ்டர் கணக்கு. அங்கே இலையுதிர் பருவம் செப்டம்பர் கடைசியில் தொடங்கி பிப்ரவரி வரை ஓடும். நம் பக்கம் நவம்பரில் தேர்வு, டிசம்பரில் அடுத்த செமஸ்டர். ஒரு செமஸ்டருக்குப் போகிறவர் இரண்டிலும் கால் வைக்கிறார். தேர்வு எழுத முடியாது, அடுத்ததில் அட்டென்டன்ஸும் குறையும். துறைத்தலைவர், தேர்வுக் கட்டுப்பாட்டாளர் இருவரிடமும் கிளம்பும் முன் எழுத்தில் அனுமதி வாங்கவில்லை என்றால் அரியர்தான் மிச்சம்.

கிரெடிட்டும் அப்படித்தான். அங்கே 90 நிமிட வகுப்பு 15 வாரம் நடந்தால் பொதுவாக 2 கிரெடிட். இங்கே 4 கிரெடிட் பேப்பர் 60 மணி நேரம். அங்கே இரண்டு பாடம் எடுத்தாலும் 45 மணி நேரம்தானே என்று யாராவது கிளப்புவார்கள். எந்தப் பேப்பருக்கு எது ஈடு என்று சிலபஸோடு கையெழுத்து வாங்குங்க. அங்கே போய்ப் பாடத்தை மாற்றினால் அன்றே மெயில் போட்டுப் புது ஒப்புதல்.

தேவகோட்டை ரஸ்தா
உப்புக்கண்டம் வேண்டவே வேண்டாம். இறைச்சி எந்த வடிவிலும் கூடாது. மீறினால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 30 லட்சம் யென் வரை அபராதம் என்று சட்டம். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. மிளகாய்த்தூள், மசாலா எல்லாம் லேபிளோடு கடையில் சீல் வைத்த பாக்கெட்டாக எடுங்க, வீட்டில் அரைத்ததைப் பொட்டலமாகக் கட்டாதீங்க. டாக்டர் எழுதிய மாத்திரை ஒரு மாதத்துக்கு மேல் என்றால் முன்னாலேயே அனுமதி வாங்கணும்.

மிக்சி வேஸ்ட். அங்கே 100 வோல்ட், நம் 230 வோல்ட் மோட்டார் முனகும், அரைக்காது. லேப்டாப் சார்ஜரில் 100–240 என்று இருந்தால் தட்டை ரெண்டு முள் அடாப்டர் போதும்.

செக்காலை மாணவி
அப்போ ஆதார் திருத்தம் திங்கட்கிழமையே. இறங்கியதும் போலீஸில் பதியணுமா?

கோட்டையூரான்
போலீஸ் இல்லை, அந்த ஊர் நகராட்சி அலுவலகம். ரெசிடென்ஸ் கார்டு பெரிய விமான நிலையங்களில் இறங்கும்போதே தருவார்கள். வீடு புகுந்த 14 நாளுக்குள் அதில் முகவரி ஏற்றணும். அதே கவுன்ட்டரில் தேசிய மருத்துவக் காப்பீடு. ஆஸ்பத்திரிச் செலவில் உங்கள் பங்கு 30 சதவீதம். 20 வயது ஆனவர்களுக்குப் பென்ஷனும் கட்டாயம், மாணவர் விலக்கு ஃபாரத்தையும் கையோடு கேட்டு எழுதிக் கொடுத்துவிடுங்க.