புதுப்பிப்பு: ரோபோவுக்கு வழி கண்டுபிடிக்கக் கற்பது

தானியங்கி ரோபோக்களின் பாதைத் திட்டமிடலை எங்கிருந்து தொடங்கலாம், ஏ ஸ்டாரா (மீதித் தொலைவை மதிப்பிட்டபடியே குறுகிய பாதையைத் தேடும் முறை) ஆர்ஆர்டியா (தற்செயலான புள்ளிகளை நோக்கி மரம்போல் கிளைவிட்டுத் தேடும் முறை) என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பெரும்பாலானோர் ஏ ஸ்டார் என்றீர்கள். சரி, அதையே எடுத்தேன்.

1968-இல் ஹார்ட், நில்சன், ரஃபேல் மூவரும் வெளியிட்ட முறை அது. பைத்தானில் கட்டங்கள் போட்டு எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி. குறுக்காக நகர அனுமதித்தால் மட்டும் மன்ஹாட்டன் தூரம் (கிடையாகவும் நெடுக்காகவும் மட்டும் கட்டங்களை எண்ணுவது) ஒத்துவராது. மீதித் தொலைவை அது கூட்டி மதிப்பிடுவதால், கிடைப்பது மிகக் குறுகிய பாதைதான் என்ற உறுதி போய்விடும். குறுக்கு நகர்வையும் கணக்கில் கொள்ளும் ஆக்டைல் தூரத்துக்கு மாறுங்கள்.

அப்புறம் கசீபோ சிமுலேட்டரில் டர்ட்டில்பாட் 3 என்ற சின்னச் சக்கர ரோபோ, அதற்கு வழிகாட்ட ஆர்ஓஎஸ் 2 என்ற ரோபோ மென்பொருளின் நேவ் 2 தொகுப்பு. உண்மையான பாடம் இங்கேதான். குறுகிய பாதை என்றால் சுவரை உரசிக்கொண்டுதான் போகும். ரோபோவுக்கோ உடம்பு இருக்கிறதே! அதனால் காஸ்ட்மேப்பில் (எந்த இடத்தில் போக எவ்வளவு செலவு என்று குறிக்கும் வரைபடம்) தடைகளைச் சுற்றிச் செலவைக் கூட்டி ஒரு விளிம்பு சேர்க்கிறார்கள். அதன் ஆரம் சிறிதாக இருந்தபோது மூலையை ஒட்டித் திரும்பியது. ஆரத்தைப் பெரிதாக்கி, செலவு மெதுவாகக் குறையும்படி வைத்ததும் நடைபாதையின் நடுவே போகிறது. ஒரு பக்கவிளைவு உண்டு: குறுகிய வாசலைவிடச் சுற்றுவழி மலிவாகத் தெரிந்தால் அதையே பிடித்துக்கொள்கிறது.

ஆர்ஆர்டி கேட்டவர்களுக்கு: பல மூட்டுகள் உள்ள ரோபோக் கைக்கு அது அருமை. தரையில் ஓடும் சின்னச் சக்கர வண்டிக்கு அவசரமில்லை என்பது என் கருத்து.

அடுத்து, நடமாடும் மனிதர்களைச் சேர்த்து எம்பிபிஐ கட்டுப்படுத்தியை (பல நகர்வுகளை முன்கூட்டியே கணித்துப் பார்த்து அடுத்த நகர்வை முடிவு செய்வது) சோதிக்கப் போகிறேன். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் யாராவது அதை ஓட்டியிருந்தால் சொல்லுங்கள்.