திரையிடல் முடிந்ததும் பேச ஒருவர் தேவை

பினாங்கு அண்ணன், அக்காமாருக்கு வணக்கம்.

ஜார்ஜ்டவுனில் எங்கள் சிறிய திரைப்பட வட்டம் அடுத்த மாதம் 2015இல் வந்த ‘ரூம்’ படத்தைத் திரையிடுகிறது. 17 வயதில் கடத்தப்பட்டு, ஏழாண்டுகள் ஒரு கொட்டகையில் அடைபட்ட பெண். அங்கேயே பிறந்த அவளுடைய ஐந்து வயது மகன். தாயாக நடித்த பிரீ லார்சனுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த படம்.

தப்பிப்பதோடு கதை முடிந்துவிடும் என்று நினைத்து வருபவர்கள் ஏமாறுவார்கள். அது பாதியிலேயே நடந்துவிடுகிறது, கனமே மீதியில்தான். சாப்பாட்டு மேசையில் தாத்தாவால் பேரனை ஏறிட்டுப் பார்க்கவே முடியவில்லை. பேட்டி எடுக்க வந்தவரோ, பிள்ளையை அப்போதே வெளியே அனுப்ப வழி தேடினாயா என்று தாயைக் குடைகிறார். அதன்பின் அவள் உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிகிறாள். விளக்கைப் போட்டு, தேநீர் கொடுத்து அனுப்பிவிடக்கூடிய படமா இது?

ஆகவே, மனநல ஆலோசனையில் முறையான பயிற்சி பெற்ற, தமிழில் இயல்பாகப் பேசக்கூடிய ஒருவர் வேண்டும். சொற்பொழிவு தேவையில்லை (மாலை, பொன்னாடையும் கிடையாது!). யாருக்காவது பழைய காயம் கிளறப்பட்டால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கத் தெரிந்தால் போதும். அரசின் 15999 உதவி எண்ணை வாசலில் ஒட்டுவோம்; அது மட்டும் போதாது.

பட்டர்வொர்த், சுங்கைப்பட்டாணியிலிருந்து வந்தாலும் போக்குவரத்துச் செலவு எங்களுடையது. தெரிந்தவர்கள் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.