மருத்துவர் அறையில் மறக்க முடியாமல் போன ஒரு நிமிடம்: ஸ்கிளிரோடெர்மாவும் மூட்டு அழற்சியும்

தட்டச்சாளர்:

முடக்குவாதம் என்று சொல்லித்தான் எனக்கு மருந்தைத் தொடங்கினார்கள். விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன, காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தது, முடக்குவாதக்காரர்களிடம் பெரும்பாலும் காணப்படும் ருமட்டாய்டு காரணி என்ற எதிர்பொருளும் ரத்தத்தில் இருந்தது. ஆகவே அந்த முடிவில் பிழை இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தார்கள். வலி இரண்டே வாரங்களில் பாதியானது. ஆனால் விரல்கள் தடித்துக்கொண்டே போயின. குளிர்ந்த நீரில் கையை வைத்தால் நுனிகள் வெளுத்து, நீலம் பாரித்து, பிறகு சிவந்தன. இந்த நோயாளிகள் குழுவில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் எழுத வந்தது நான்காம் மாதத்தில் நடந்த ஒன்றைப் பற்றி. வழக்கமான மருத்துவர் வேறொரு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்ததால், பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர் ஒருவர் என் மணிக்கட்டைத் தம் உள்ளங்கையால் மெல்லச் சுற்றிப் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்கி நீட்டச் சொன்னார். மூன்றாம் முறை மடக்கியபோது, அதுவரை ஏதோ பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். "இன்னொரு முறை மடக்குங்கள்" என்றார். புதுத் தோல் செருப்பு நடக்கும்போது முனகுமே, அதுபோன்ற ஒரு நறநறப்பு என் மணிக்கட்டுக்குள் ஓடியது. அவர் எழுந்து போய் மூத்தவரை அழைத்து வந்தார். வந்தவர் என் மூட்டுகளைப் பற்றி ஒன்றுமே கேட்காமல், "ரத்த அழுத்தம் கடைசியாக எப்போது பார்த்தார்கள்?" என்று கேட்டார். அளந்தபோது 158/96 இருந்தது. அதற்கு முன் என் வாழ்நாளில் மேல் எண் 120-ஐத் தாண்டியதில்லை.

தசைநாண்கள் உரசுவதால் எழும் அந்த நறநறப்பு, தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுகச் செய்யும் ஸ்கிளிரோடெர்மா நோயின் பரவலான வகைக்கு அடையாளம் என்பதையும், தோல் வேகமாக இறுகும் தொடக்க ஆண்டுகளில் நாளுக்கு 15 மி.கி. அல்லது அதற்கு மேல் ஸ்டீராய்டு எடுத்தால், ரத்த அழுத்தம் சட்டென்று ஏறிச் சிறுநீரகம் செயலிழக்கும் சிறுநீரக நெருக்கடிக்கான ஆபத்து கூடும் என்பதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். எனக்கு உரிய நேரத்தில் மருந்து கிடைத்தது; சிறுநீரகம் தப்பியது. ஆனாலும் அந்த நறநறப்பை அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பிருந்தே நான் அறிந்திருந்தேன் என்பது என்னை விடுவதாக இல்லை. தட்டச்சு செய்யும்போது தினமும் அதை உணர்ந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை; நானாகவும் சொல்லவில்லை.

இரவுப்பணி:

என்னுடையது சிறியது. காய்ச்சலுக்காகச் சேர்த்திருந்தார்கள். சுட்டுவிரலில் மாட்டிய ஆக்சிஜன் கருவி 81 என்று காட்டியதும் முகமூடி, ஓட்டம், கூச்சல் என அறையே மாறிவிட்டது. குளிரில் விரல்களின் ரத்தக் குழாய்கள் சுருங்கும் ரேனோ தாக்கத்தில் என் விரல் வெள்ளை மெழுகாக இருந்தது. ரத்தமே ஓடாத விரலில் அந்தக் கருவி எதை அளக்கும்? காதுமடலில் வைத்துப் பாருங்கள் என்று நான் நான்கு முறை சொன்னேன், முகமூடிக்குள்ளிருந்து சொன்னது யார் காதிலும் விழவில்லை. கடைசியில் வைத்தார்கள். 97. ஒருவர் சிரித்துவிட்டு, "உங்களுக்கு இது முன்பே தெரியுமா?" என்று கேட்டார். அந்தச் சிரிப்புதான் இன்னும் உறுத்துகிறது.

ஓய்வுபெற்ற செவிலியர்:

முதலில் எழுதிய சகோதரிக்கு ஒரு மறுப்பு. உங்கள் பதிவைப் படிக்கும் முடக்குவாத நோயாளிகள் ஸ்டீராய்டை விஷம் என்று எண்ணி நாளையே நிறுத்திவிடக்கூடும். 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மருத்துவர் பிலிப் ஹெஞ்ச் ஒரு முடக்குவாதப் பெண்ணுக்கு கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டபோது, படுக்கையில் புரளவே சிரமப்பட்டவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். இரண்டே ஆண்டுகளில், 1950-இல், ஹெஞ்சும், இந்த ஹார்மோன்களை ஆராய்ந்த கெண்டலும் ரைக்ஸ்டைனும் நோபல் பரிசு பெற்றார்கள். பக்கவிளைவுகளின் நீண்ட பட்டியல் பிறகு வந்தது என்பதும் உண்மையே. குற்றம் மருந்தில் இல்லை. மூட்டு வலி என்ற ஒரே வாசல் வழியாக இரண்டு வெவ்வேறு நோய்கள் நுழைவதில்தான் இருக்கிறது.

என் அனுபவம் இதுதான். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டியிருக்க, வயதான ஓர் அம்மா ஒன்பது நாட்கள் தினமும் எடுத்துவிட்டு எங்கள் வார்டுக்கு வந்தார். வாயெல்லாம் புண், தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. மருந்துச் சீட்டைப் பார்த்தேன். பத்து நாட்களுக்கு முன் வெளிநோயாளிப் பிரிவில் அதை அவருக்கு வாசித்துக் காட்டியவள் நான்தான். வாரம் என்று சொன்னேனா, சொல்லவில்லையா என்பது எனக்கு நினைவில்லை.

ஆகவே சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். மெத்தோட்ரெக்சேட்டுக்குரிய கிழமையை மாத்திரைப் பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். அதன் பக்கவிளைவுகளைக் குறைக்கும் ஃபோலிக் அமிலத்தை மருத்துவர் சொன்ன நாளில் தவறாமல் எடுங்கள். வாரக்கணக்கில் எடுத்துவந்த ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். உடல் தானாகச் சுரக்க வேண்டியதை அப்போது மறந்திருக்கும், மீள அதற்குக் காலம் வேண்டும். பரவலான வகை ஸ்கிளிரோடெர்மா உள்ளவர்கள், அதிலும் ரத்தப் பரிசோதனையில் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 3 என்ற எதிர்பொருள் இருப்பதாகத் தெரிந்தவர்கள், வீட்டிலேயே ரத்த அழுத்தத்தை அளந்து ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். வழக்கத்தைவிட அழுத்தம் சட்டென்று ஏறினாலோ, புதிதாகத் தலைவலியோ பார்வை மங்கலோ வந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மறுநாள் காலை வரை பொறுக்கக் கூடாது. 1970-களின் பிற்பகுதியில் கேப்டோப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரை வரும் வரை அந்தச் சிறுநீரக நெருக்கடிக்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் இறந்தார்கள். அதற்காக அந்த வகை மாத்திரையை நெருக்கடி வருவதற்கு முன்பே காப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அப்படி எடுத்ததால் நன்மை உண்டானதாக ஆய்வுகள் காட்டவில்லை. ரேனோ உள்ளவர்கள் மூக்கடைப்புக்கான மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. அவற்றில் பல ரத்தக் குழாய்களைச் சுருக்கும். புகை பிடிப்பதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டுமா?

முப்பதாண்டு நோயாளி:

செவிலியர் அம்மா சொன்னவை சரியானவை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் உறுதியான குரலில் சொல்லப்பட்ட அறிவுரை எனக்கு எப்போதுமே அச்சத்தைத் தருகிறது. அதற்குக் காரணம் உண்டு.

1990-களின் தொடக்கத்தில் தோல் இறுக்கத்துக்காக எனக்குப் பெனிசிலமின் என்ற மருந்து கொடுத்தார்கள், சிறிது சிறிதாகக் கூட்டி நாளுக்கு 750 மி.கி. வரை. நாக்கில் சுவை போயிற்று, சிறுநீரில் புரதம் போயிற்று, ஆனாலும் தோல் தளர்ந்துகொண்டே வந்ததால் நான் அந்த மருந்தைக் கும்பிடாத குறையாக விழுங்கினேன். 1999-இல் ஒரு நாள் மருத்துவர் மேசையின் மறுபுறத்திலிருந்து ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். தொடக்க நிலைப் பரவலான நோய் உள்ள 134 பேரில் ஒரு பாதிக்கு நாளுக்கு 750 முதல் 1000 மி.கி. வரையிலும், மறு பாதிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெறும் 125 மி.கி.யும் கொடுத்துப் பார்த்ததில், இரு சாராரின் தோலுக்கும் வேறுபாடே இல்லை. இந்த வகை நோயில் சில ஆண்டுகள் கழித்துத் தோல் பலருக்குத் தானாகவே தளர்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்தபடியே, "நாங்கள் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தோம்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் என் நாக்குக்கு அந்தச் சுவை முழுமையாகத் திரும்பவில்லை.

கணக்காசிரியர்:

மேலே உள்ளவருடைய தாள் எனக்கு ஒரு குவளையை நினைவூட்டியது. நுரையீரலில் நார் படியத் தொடங்கியபின் அதை மெதுவாக்கும் நின்டெடானிப் என்ற மாத்திரையை எனக்குப் பரிந்துரைத்தார்கள். 2019-இல் வெளியான ஆய்வில் 576 பேர் பங்கேற்றார்கள் என்றும், மருந்து எடுத்தவர்களின் மூச்சுக் கொள்ளளவு ஆண்டுக்கு 52.4 மில்லியும் எடுக்காதவர்களுடையது 93.3 மில்லியும் குறைந்தது என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். தோலில் மாற்றம் ஏதும் இராது என்பதையும், மருந்து எடுத்தவர்களில் நான்கில் மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. நல்ல மனிதர்.

வீட்டுக்கு வந்து, இருமல் மருந்தோடு வரும் அளவுக் குவளையில் அந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாடான 41 மில்லி தண்ணீரை இரண்டு தவணையாக அளந்து ஒரு டம்ளரில் ஊற்றினேன். அடிப்பகுதியை மூடும் அளவுதான் இருந்தது. என் விரல்கள் மடங்கியே இருப்பதால் டம்ளரை இரு கைகளின் பக்கவாட்டில் இடுக்கித் தூக்கி, வெளிச்சத்தில் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்காகவா நாளுக்கு ஆறு முறை கழிவறைக்கு ஓட வேண்டும் என்று ஒரு மனம் கேட்டது. இது ஓர் ஆண்டுக் கணக்கு, பத்தாண்டுக்கு இதேபோல் போனால் 410 மில்லி, உன் நுரையீரலில் மொத்தமே இரண்டு லிட்டருக்குச் சற்று மேல்தான் மிச்சம் என்று, நாற்பது பேர் கொண்ட வகுப்புக்கு விகிதமும் விழுக்காடும் கற்பித்த மறு மனம் பதில் சொன்னது. ஓராண்டு ஆய்வின் கோட்டைப் பத்தாண்டுக்கு நீட்டுவது பிழை என்று மாணவர்களிடம் நானே சொல்லியிருக்கிறேன் என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது.

மூச்சுச் சோதனையின் எண் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வருகிறது. வயிறு தினமும் பேசுகிறது. மாத்திரையைத் தொடர்கிறேன். அந்த டம்ளரில் மட்டும் இப்போது நான் தண்ணீர் குடிப்பதில்லை.

இரவுப்பணி:

கணக்காசிரியர் ஐயாவுக்கு: நலமாக இருப்பவர்களின் நுரையீரலும் வயதால் ஆண்டுக்குச் சில பத்து மில்லி இழக்கத்தான் செய்கிறது. அதைக் கழித்துப் பார்த்தால் உங்கள் 52.4 அவ்வளவு மோசமான எண் அன்று. டம்ளரை மன்னித்துவிடுங்கள்.

மகன்:

நான் நோயாளி அல்லன். ஸ்கிளிரோடெர்மா உள்ள என் அம்மாவுக்காக எழுதுகிறேன்.

ரத்தக் குருத்தணு மாற்றுச் சிகிச்சை குறித்து எங்களை உட்காரவைத்துப் பேசினார்கள். 2014-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் 156 பேர் இருந்தார்கள்; மாற்றுச் சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்ட 79 பேரில் 8 பேர் முதல் ஆண்டிலேயே அந்தச் சிகிச்சையினால் இறந்தார்கள்; ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல உயிரோடு இருந்தவர்கள் அந்தக் குழுவில்தான் மிகுதி. மருத்துவர் ஒரு தாளில் இரண்டு கோடுகள் வரைந்தார். தொடக்கத்தில் ஒன்று சட்டென்று கீழே இறங்கி, பிறகு ஏறத்தாழச் சமமாக ஓடி, மெல்லச் சரிந்துகொண்டே வந்த மற்றொன்றைக் கடந்து மேலே நின்றது. கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தை அம்மா தொட விரும்பினார். சுட்டுவிரல் உள்ளே வளைந்து இறுகிவிட்டதால் நுனி தாளில் படவில்லை, நடுக் கணுவால் அந்த இடத்தைத் தொட்டு, "இதற்கு இந்தப் பக்கம் நிற்பவர்களிடம் யாராவது கேட்டார்களா?" என்றார். மருத்துவருக்குப் பதில் இல்லை. எனக்கும் இல்லை.

அம்மா, நோயெதிர்ப்பை அடக்கும் மைக்கோபினோலேட் மாத்திரையைத் தேர்ந்தெடுத்தார். முன்பு எல்லோருக்கும் கொடுத்த சைக்ளோபாஸ்பமைடுக்கு அது நுரையீரலில் ஈடுகொடுக்கிறது, உடலும் அதை எளிதாகத் தாங்குகிறது என்று 2016-இல் ஓர் ஆய்வு வந்திருந்ததால் அது மடத்தனமான முடிவு அன்று. ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தோல் தளர்ந்திருக்கிறது, வாயை இரண்டு விரல் அகலம் திறக்கிறார், மூச்சு மட்டும் ஒவ்வொரு சோதனையிலும் கொஞ்சம் குறைகிறது.

2024-இல் ஜெர்மனியின் எர்லாங்கனில், நோயாளியின் சொந்த நோயெதிர்ப்புச் செல்களை மாற்றியமைத்துத் திரும்பச் செலுத்தும் கார்-டி செல் சிகிச்சை பெற்ற 15 பேரைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அவர்களில் 4 பேர் அம்மாவின் நோய் உள்ளவர்கள். நால்வர் என்பது மிகச் சிறிய எண் என்பது எனக்குத் தெரியும். அதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவர் முதலில் கேட்கப்போகும் கேள்வி எது என்பதும் எனக்குத் தெரியும்.

ஓய்வுபெற்ற செவிலியர்:

தம்பி, சொல்லிவிடுங்கள். அந்த முடிவை எடுக்க வேண்டியவர் அவர். உங்கள் அச்சத்தை அவருடைய அச்சமாக எண்ணிக்கொள்ளாதீர்கள். அத்துடன் அவருடைய இதயத்துக்கும் நுரையீரல் தமனி அழுத்தத்துக்கும் ஆண்டுதோறும் எக்கோ எடுக்கிறார்களா என்று பாருங்கள். இரவில் தலைமாட்டை உயர்த்தி வையுங்கள், படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிக்கச் சொல்லுங்கள், உணவுக்குழாயிலிருந்து மேலேறும் அமிலம் நுரையீரலுக்குள் கசிவது நல்லதன்று. வாயை அகலத் திறக்கும் பயிற்சியை நாள்தோறும் செய்கிறாரா?

மகன்:

செய்கிறார், அம்மா. கண்ணாடி முன் நின்று செய்கிறார். நான் உள்ளே வந்தால் நிறுத்திவிடுகிறார்.

தட்டச்சாளர்:

செவிலியர் அக்காவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டீராய்டை விஷம் என்று நான் எழுதவில்லை. திரும்பப் படித்துப் பார்த்தேன், அப்படி ஒரு சொல் என் பதிவில் இல்லை. ஆனால் நீங்கள் சீட்டை வாசித்துக் காட்டிய அந்த அம்மாவை நினைத்துக்கொண்டுதான் இன்று காலை என் மாத்திரைப் பெட்டியின் மேல் கிழமையை எழுதினேன். பேனா பிடிக்க வராது. கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் இடையில் செருகிக்கொண்டு "வியாழன்" என்று எழுத நான்கு நிமிடம் ஆயிற்று.

அழுத்தம் 118/76. மணிக்கட்டில் நறநறப்பு இல்லை. வலது கணுக்காலில் மட்டும், படி இறங்கும்போது, இன்னும் இருக்கிறது. அதை இந்த முறை நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.