‘சார்’ போட்டும் திட்டலாம்: கவுண்டருக்கு இரண்டு பக்கமும்

வாடிக்கையாளருக்கும் ஊழியருக்கும் நடுவே சண்டை எங்கே முளைக்கிறது, எப்படித் தவிர்ப்பது என்று பலர் சொன்னது இது. தலைப்புக்குத் தலைப்பு பேசுபவர் மாறுவார்.

பில்லிங் கவுண்டர்

கவுண்டரில் வருகிற சண்டைகளைக் கவனித்தால் பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் முளைக்கும். கார்டு எடுக்காதபோது, மீதிச் சில்லறை கொடுக்கும்போது, பில்லில் ஏறிய பொருளை நீக்கச் சொல்லும்போது.

முதலில் கார்டு. மெஷினில் ‘டிக்லைன்டு’ என்று வந்தால் கவுண்டரில் இருப்பவருக்குத் தெரிவது பெரும்பாலும் அவ்வளவுதான். பணம் இல்லையா, தினசரி வரம்பு தாண்டிவிட்டதா, வங்கியே சந்தேகப்பட்டு நிறுத்தியதா என்று பிரித்துச் சொல்லாது. ஆனால் வாயில் வருவது, “உங்க கார்டுல பணம் இல்லங்க.” பின்னால் எட்டுப் பேர் நிற்கிறார்கள். அந்த ஒரு வரி காதில் விழுந்தவரிடம் அதற்கப்புறம் பொறுமையை எதிர்பார்ப்பது வீண். மெஷினைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பி, குரலைத் தாழ்த்தி, “மெஷின் எடுக்கலங்க. வேற கார்டு பாக்கலாமா, கேஷா குடுக்குறீங்களா?” என்றால் போதும். பழி மெஷின் மேல் போகிறது, அதற்கு ரோஷம் கிடையாது.

மெஷினில் தோல்வி, ஆனால் போனில் பணம் கழிந்ததாக மெசேஜ் வந்துவிட்டது என்றால் அதே கார்டை உடனே மறுபடி போடக் கூடாது. இரண்டு முறை கழிந்தால் இரண்டு மடங்கு சண்டை. தோல்விச் சீட்டை அச்சிட்டுக் கொடுங்கள். அதில் ஆர்.ஆர்.என். என்று அந்தப் பரிவர்த்தனைக்கான 12 இலக்க அடையாள எண் இருந்தால் வட்டம் போட்டுக் காட்டுங்கள். வங்கியில் அந்த எண்ணை வைத்துத்தான் தேடுவார்கள். “தானா திரும்பி வந்துரும்” என்று வெறுங்கையோடு அனுப்பினால் ஆள் மறுநாள் இன்னும் சூடாக வந்து நிற்பார்.

சில்லறை விஷயத்தில் பழைய கை சொல்லித்தரும் வழக்கம் ஒன்று உண்டு. வாங்கிய நோட்டை உடனே கல்லாவுக்குள் தள்ளாதீர்கள். இருவர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி கல்லா மேலேயே கிளிப்பில் வையுங்கள். மீதியை வாய்விட்டு எண்ணிக் கையில் கொடுத்த பிறகுதான் நோட்டு உள்ளே போக வேண்டும். “நான் பெரிய நோட்டுல்ல குடுத்தேன்” என்ற வழக்கே வராது. உள்ளே போட்ட பிறகு அந்த வழக்கு வந்தால் கல்லாவை எண்ணுவது ஒன்றே வழி. சூப்பர்வைசர் ‘எக்ஸ் ரிப்போர்ட்’ (கணக்கை மூடாமல் அதுவரையான விற்பனையைக் காட்டும் சீட்டு) எடுத்து, அதுவரையான ரொக்க விற்பனையோடு காலையில் வைத்த சில்லறையைக் கூட்டி, இருப்போடு ஒப்பிட வேண்டும். அவசரத்தில் நாள் முடிவில் எடுக்கும் ‘இசட்’ ரிப்போர்ட்டை எடுத்துவிட்டால் அன்றைய கணக்கே மூடிக்கொள்ளும், அது வேறு தலைவலி. எண்ணத் தொடங்கும் முன், “எண்ணிப் பாத்துருவோம், பத்து நிமிஷம் ஆகும். கூடுதலா இருந்தா உடனே கையில தந்துர்றோம்” என்று சொல்லிவிடுங்கள். யார் பொய், யார் திருட்டு என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை.

பொருளை நீக்குவதற்குப் பல இடங்களில் சூப்பர்வைசர் கடவுச்சொல் வேண்டும். எதிரே நிற்பவருக்கு இது தெரியாது. கவுண்டர்காரர் எங்கோ பார்த்து “மேடம்... மேடம்...” என்று கத்திக்கொண்டு நிற்பதுதான் தெரியும். தன்னை மதிக்கவில்லை என்றுதான் நினைப்பார். “இத எடுக்க எனக்கு அனுமதி இல்லங்க, அவங்க வந்து போடணும், கூப்பிட்டுருக்கேன்” என்று சொல்ல ஐந்து விநாடி போதும். ஐம்பது தடவை ‘சார்’ போடுவதைவிட இதற்கு மரியாதை அதிகம்.

கால் சென்டர் பயிற்சி

மேலே சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். “பத்து நிமிஷம் ஆகும்” என்பது கவுண்டரில் சரி, போனில் ஆபத்து. கவுண்டரில் நிற்பவர் வேலை நடப்பதைப் பார்க்கிறார். போனில் இருப்பவர் பார்ப்பது திரையில் ஓடும் நிமிடக் கணக்கை. “ரெண்டு நிமிஷம் லைன்ல இருங்க” என்றால் ஒன்றரை நிமிடத்தில் திரும்பி வந்தாக வேண்டும், வேலை முடியாவிட்டாலும். “இன்னும் பாத்துட்டுதான் இருக்கேன், பழைய பில் திறக்க நேரமாகுது, இருக்கீங்களா, நானே கூப்பிடட்டுமா?” என்று கேட்டுவிட்டால் கோபம் ஏறாது. காரணம் சொல்லாத காத்திருப்பு நீளமாகத் தெரியும், சும்மா காத்திருப்பது வேலையோடு காத்திருப்பதைவிட நீளமாகத் தெரியும் என்று சேவைத் தொழில்களைப் பற்றி எழுதிய டேவிட் மெய்ஸ்டர் 1985-இலேயே எழுதிவிட்டார். ஆனாலும் ஹோல்டில் போட்டுவிட்டு ஆறு நிமிடம் பாட்டு மட்டும் கேட்கவைக்கும் வழக்கம் போகவில்லை.

ஹோல்டும் மியூட்டும் ஒன்றல்ல. ஹோல்டில் வாடிக்கையாளருக்குப் பாட்டோ அறிவிப்போ கேட்கும், லைன் உயிரோடு இருப்பது தெரியும். மியூட்டில் ஒன்றுமே கேட்காது. ஆனால் அவர் பேசுவது மட்டும் ஏஜென்ட் காதில் தெளிவாக விழும். லைன் போய்விட்டது என்று நினைத்து அவர் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிற வார்த்தைகள் எல்லாம் நேரே வந்து சேரும். கேட்ட பிறகு ஏஜென்ட் குரல் மாறாமல் இருக்குமா? பத்து விநாடிக்கு மேல் போகும் என்றால் மியூட் வேண்டாம், சொல்லிவிட்டு ஹோல்டில் போடுங்கள்.

ஏஜென்ட் ஏன் அவசரப்படுத்துகிறார் என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பதுண்டு. அவர் தலைமேல் இரண்டு கணக்கு தொங்குகிறது. 80 சதவீத அழைப்புகளை 20 விநாடிக்குள் எடுக்க வேண்டும் என்பது பல இடங்களில் வைத்துக்கொள்ளும் இலக்கு. இன்னொன்று ஏ.ஹெச்.டி.: பேசிய நேரம், ஹோல்டு நேரம், பேசி முடித்தபின் குறிப்பு எழுதும் நேரம், மூன்றும் சேர்ந்த சராசரி. இதைக் குறைக்கச் சொல்லி நெருக்கினால் முதலில் அடி வாங்குவது அந்தக் கடைசி நேரம். குறிப்பில் “கஸ்டமர் கோபம், மறுபடி அழைப்பார்” என்று மட்டும் இருக்கும். அடுத்த முறை எடுக்கும் ஏஜென்ட் “என்ன பிரச்சினைன்னு சொல்லுங்க” என்று ஆரம்பத்திலிருந்து கேட்பார். நான்காவது தடவையாக அதே கதையைச் சொல்லும் மனிதர் எரிந்து விழுவார். எடுத்த ஏஜென்ட் தன் பங்குக்கு “கோபக்காரர்” என்று எழுதிவைப்பார். குறிப்பில் இருக்க வேண்டியது நான்கே விஷயம்: என்ன கேட்டார், என்ன பார்த்தாயிற்று, என்ன வாக்குக் கொடுத்தோம், எந்தத் தேதிக்குள். நாற்பது விநாடி வேலை.

அழைப்பை அடுத்தவருக்கு மாற்றிவிடுவதிலும் இதே கதைதான். பொத்தானை அழுத்திவிட்டு நகர்வது ஒரு வகை. அடுத்தவரிடம், “இவர் பொருள் உடைஞ்சு வந்ததுன்னு சொல்றார், போட்டோ வந்துருச்சு, மாத்தித் தரணும்னு கேக்குறார்” என்று சொல்லிவிட்டு இணைப்பது இன்னொரு வகை. முதல் வகையில் ஏ.ஹெச்.டி. அழகாக இருக்கும், திட்டு மட்டும் அடுத்த மேசைக்குப் போகும்.

“உங்கள் சிரமத்தை முழுமையாகப் புரிந்துகொள்கிறேன்” என்ற வரியை மூன்று முறை சொன்னால் அதுவே வசவாகிவிடும். மன்னிப்பு ஒரு தடவை, எதற்கு என்று பெயர் சொல்லி: “ரெண்டு தடவை தேதி மாத்தினது எங்க தப்பு.” உடனே அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பது.

வீட்டுக்குப் பொருள் கொண்டுபோகும் வேலை

எங்கள் பக்கம் சுருக்கமாக. மேப்பில் இடத்தைக் காட்டும் ‘பின்’ தப்பாக விழுவது பாதித் தகராறுக்குக் காரணம். பெரிய குடியிருப்புகளில் அந்தப் ‘பின்’ பெரும்பாலும் நடுவில் விழும், வாசல் பின்பக்கத் தெருவில் இருக்கும். முகவரிக் குறிப்பில் எந்த கேட், எந்த பிளாக், லிப்ட் உண்டா என்று மூன்று சொல் இருந்தால் போன் செய்யவே வேண்டாம். வண்டி ஓட்டிக்கொண்டே போன் எடுக்க முடியாது, எடுக்காததைத் திமிர் என்று நினைக்க வேண்டாம்.

ஓடிபி. கதவைத் திறந்த பிறகு உள்ளே போய்த் தேடுவார்கள். அந்த மூன்று நான்கு நிமிடம் அடுத்த வீட்டின் தாமதமாகிறது, அங்கே போய்த் திட்டு வாங்குவது நாங்கள். “கீழ வந்துட்டேன்” என்று அழைப்பு வந்ததும் ஓடிபியைத் திறந்து வைத்துக்கொண்டால் பத்து விநாடியில் முடியும். கொண்டுவருபவர் பக்கத்துத் தப்பும் உண்டு: பெல்லை அழுத்திப் பிடித்துக்கொண்டே நிற்பது, பெட்டியைத் தரையில் போட்டுவிட்டுப் படியில் இறங்கிக்கொண்டே “வந்துருச்சு” என்று கத்துவது. ஒரு தடவை அழுத்தி அரை நிமிடம் பொறுக்கலாம்.

புகார் கொடுப்பவர்களுக்கு

எதிர்ப் பக்கத்தை யாரும் சொல்லவில்லை, சேர்க்கிறேன். பலர் புகாரைத் தலைகீழாகச் சொல்கிறார்கள். முதலில் கோபம், அப்புறம் பழைய வரலாறு, “எத்தன வருஷமா வாங்குறேன் தெரியுமா”, கடைசியில்தான் விஷயம். கேட்பவர் ஆர்டர் எண்ணைத் தேடிக்கொண்டிருப்பார், வரலாறு காதில் ஏறாது. ஆர்டர் எண், வாங்கிய தேதி, என்ன கோளாறு, என்ன வேண்டும். இந்த வரிசைதான். கடைசியை நிறையப் பேர் சொல்வதே இல்லை. மாற்றித் தர வேண்டுமா, பணமாக வேண்டுமா, பழுது பார்த்தால் போதுமா என்று நீங்களே சொல்லாவிட்டால், அவர்கள் கையில் இருக்கிற மலிவான வழியைத்தான் நீட்டுவார்கள்.

“முடியாது” என்று வந்தால், “இது விதியா, இல்ல உங்களுக்கு அனுமதி இல்லையா? அனுமதி யார்கிட்ட இருக்கு?” என்று அமைதியாகக் கேளுங்கள். விதி என்றால் எழுத்தில் கேட்கலாம். அனுமதி இல்லை என்றால் எதிரில் இருப்பவரிடம் கத்திப் பலனே இல்லை, அவரிடம் அந்தப் பூட்டுக்குச் சாவி கிடையாது. “உங்க மேல கோபம் இல்ல, இந்தத் தாமதத்து மேலதான்” என்று ஒரு வரி சொன்னால் பல நேரம் அவரே வழி காட்டுவார். புகார் எண்ணும், பதில் வரும் தேதியும் வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

மேற்பார்வை

இதைத்தான் சொல்ல வந்தேன். சாவியைக் கேட்கும் அமைதியான ஆளுக்கு “விதிப்படி முடியாதுங்க” என்று அனுப்பிவிட்டு, கத்துகிற ஆளுக்கு மேனேஜர் இறங்கி வந்து பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் இடங்கள் நிறைய. ஒரே கோளாறு, ஒரே பில். அமைதியாகப் போனவருக்கு அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். முரட்டு வாடிக்கையாளர்களில் பாதிப் பேரை நிர்வாகமே பழக்கி வைத்திருக்கிறது என்பது என் கணிப்பு. இதில் கெடுவது ஊழியரும்தான். விதியைச் சரியாகச் சொன்ன ஆளை மேனேஜர் எல்லோர் முன்னாலும் கவிழ்த்துவிட்டால், அவர் அடுத்த நாளிலிருந்து எதையுமே தானாகச் சொல்ல மாட்டார். “மேல கேளுங்க” என்பதோடு நின்றுவிடுவார்.

விலக்குக் கொடுப்பதானால் ஊழியர் வாயாலேயே வரவையுங்கள். ஒதுக்குப்புறமாக அழைத்து, “இந்தத் தடவை மாத்திக் குடுத்துருங்க, காரணம் இதுன்னு எழுதிருங்க” என்றால் போதும், அவரே போய்ச் சொல்வார். குறிப்பிட்ட தொகை வரை யாரையும் கேட்காமல் அவரே தீர்க்கலாம் என்று முன்கூட்டியே எல்லை வைத்துவிட்டால் இந்த நாடகம் பாதி குறையும்.

“வாடிக்கையாளர் சொல்வதே சரி” என்பது சிகாகோ அங்காடிக்காரர் மார்ஷல் ஃபீல்ட், லண்டனில் 1909-இல் பெரிய அங்காடி திறந்த செல்ஃப்ரிட்ஜ் போன்றவர்கள் பெயரில் உலவும் வாசகம். கடைக்காரரை நம்பலாமா என்று ஜனங்கள் தயங்கிய காலத்து விளம்பரம் அது. வசவுக்கு அதில் அனுமதிச்சீட்டு இல்லை. டோக்கியோவில் வாடிக்கையாளர் அத்துமீறலுக்கு எதிராகத் தனி விதியே 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. தண்டனை கிடையாது, ஆனால் ‘இது எங்கள் வேலையின் பகுதி இல்லை’ என்று ஊழியர் சொல்ல ஒரு காகிதம் கிடைத்தது.

நடைமுறையில் தேவை ஒரு தெளிவான படி. முதல் கெட்ட வார்த்தைக்கு, “உங்க பிரச்சினைய முடிச்சுத் தர்றேன், இந்த வார்த்தை வேண்டாம்.” இரண்டாவதுக்கு, “மறுபடி வந்தா அழைப்பத் துண்டிக்க வேண்டியிருக்கும்.” மூன்றாவதில் துண்டிப்பு, நேரத்தோடு குறிப்பு. மிரட்டல், கை ஓங்குதல் என்றால் படியெல்லாம் கிடையாது, ஊழியர் உடனே விலகி உள்ளே போக வேண்டும். கத்துவது வேறு, திட்டுவது வேறு என்பதையும் சொல்லித்தர வேண்டும். “மூணு வாரமா அலையுறேன்யா!” என்பது வெறும் சத்தம், துண்டிக்கக் கூடாது.

பில்லிங் கவுண்டர், மறுபடி

‘நீ’, ‘நீங்க’ பற்றி ஒரு வார்த்தை. சின்ன வயசு ஊழியரைப் பார்த்ததும் “ஏ தம்பி, இங்க வா” என்பவர்கள் அதைப் பாசம் என்றே நினைக்கிறார்கள். தம்பி பரவாயில்லை, அந்த ‘வா’தான் குத்தும். “தம்பி, இங்க வாங்க” என்றால் பாசம், மரியாதை இரண்டும் இருக்கும். சட்டையில் இருக்கும் பெயரைப் படித்துக் கூப்பிடுவதும் அப்படித்தான். நன்றி சொல்லப் பெயர் வந்தால் இனிக்கும், புகார் சொல்ல மட்டும் வந்தால் மிரட்டல். ஊழியர் பக்கம், “சொல்லுங்க சார், என்ன சார், அதான் சொன்னேன்ல சார்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு போடும் சாரும் எல்லோருக்கும் புரியும்.

திட்டு வாங்கியவர் அடுத்த ஆளிடம் உடனே சிரிக்க வேண்டியிருப்பதும் ஒரு வேலைதான். சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் 1983-இல் விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் வைத்து அதற்கு ‘உணர்ச்சி உழைப்பு’ என்று பெயர் வைத்தார். ஒருவருக்குச் சிரிப்பதற்குச் சம்பளம், இன்னொருவருக்கு முறைப்பதற்கு. கவுண்டரில் இதற்குச் செய்யக்கூடியது சின்ன விஷயம்: பெரிய தகராறு முடிந்ததும் வரிசையைப் பக்கத்துக் கவுண்டருக்குத் திருப்பிவிட்டு, ஆளை ஐந்து நிமிடம் உள்ளே அனுப்புங்கள், தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும். இல்லாவிட்டால் அவர் வாங்கியதை அடுத்து நிற்கும் ஒன்றும் அறியாத ஆள்தான் வாங்குவார். அந்த ஐந்து நிமிடத்தை அவருடைய இடைவேளையிலிருந்து கழிக்காதீர்கள்.