பஜேரோ வீல் ஆர்ச்: ஃபைபர் போடலாம் என்பவர்கள் அந்தத் திருகாணியைப் பற்றியும் சொல்லுங்கள்

கரையோரக் கறள்
இரண்டாம் தலைமுறை மிட்சுபிஷி பஜேரோ ஜீப்பின் வீல் ஆர்ச் பிளாஸ்டிக், அதாவது சக்கரத்துக்கு மேலுள்ள வளைவுப் பட்டி, வெளிறி வெடித்துவிட்டால் என்ன செய்யலாம் என்று இந்த மன்றத்தில் ஒருவர் கேட்டதற்கு, தெஹிவளை டீசல் என்னும் அன்பர் நேற்று இப்படித் தீர்ப்பு வழங்கியிருக்கிறார்: “ஜப்பான் சாமான் தேடிப் பஞ்சிகாவத்தைப் பழைய உதிரிப்பாகக் கடைகளில் அலைவது வீண் வேலை. கண்ணாடிநார் ஃபைபரில் அச்செடுத்து, ஸ்டெயின்லஸ் திருகாணியால் வாகனத்தின் உடற்தகட்டோடு இறுக்கிவிட்டால் வாகனம் உள்ளவரை அசையாது.” வாகனம் உள்ளவரை என்பதில் எனக்கும் மறுப்பில்லை. அந்தத் துளைகளின் வழியாக வாகனம் விரைவில் இல்லாமற் போய்விடும் என்பதை மட்டும் அவர் சொல்ல மறந்துவிட்டார்.

கம்பெனியிலிருந்து வந்த ஆர்ச்சைக் கழற்றி அதன் பின்புறத்தைப் பார்த்திருந்தால், பொலிப்ரொப்பிலீனைக் குறிக்கும் பீ.பீ. என்ற இரண்டு எழுத்துகள் அச்சில் பதிந்திருப்பதைக் கண்டிருப்பார். அது வளையும் சாமான்; கிளிப்பிலும், தகட்டுத் துளையில் அமரும் குரோமெட் என்னும் நைலோன் உறையிலும் நிற்கும் சாமான். அந்தத் துளைகள் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே போடப்பட்டவை என்பதால் அவற்றின் விளிம்பும் பெயின்டுக்குள் இருக்கிறது. நமது கராஜ்களில் ஃபைபர் ஆர்ச் செய்யும்போது கிளிப் அமரும் இருக்கைகளை யாரும் வார்ப்பதில்லை. துளைக்கருவியை எடுத்து நேரே தகட்டில் வைக்கிறார்கள். ஸ்டெயின்லஸ் திருகாணிக்குக் கறள் பிடிக்காது என்பது மெய்தான். தனக்கு வரவேண்டிய கறளை அது தகட்டுக்குக் கொடுத்துவிடுகிறது. வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடற்பக்கமாக வாகனம் நிறுத்துகிறவர்களுக்கு, மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று என்ன கொண்டு வருகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே என் கேள்வி ஒன்றுதான்: துளையிட்ட இடத்தில் என்ன பூசினீர்கள்?

தெஹிவளை டீசல்
என் பெயரைச் சொல்லி மன்றத்தில் ஓர் உரையாடல் இழையே திறந்ததற்கு நன்றி. பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் ‘ஜப்பான் சாமான்’ எது என்று முதலில் பேசுவோம். இந்த வாகனம் 1991 இல் வெளிவந்தது. 1999 இல் மூன்றாம் தலைமுறை வந்ததோடு ஜப்பானில் இதன் காலம் முடிந்தது. ஆகவே கடைக்காரர் தட்டிலிருந்து எடுத்துத் தருவதும் அந்த வயதுப் பிளாஸ்டிக்தான். அது நமது வெயிலில் காயாமல் வேறு நாட்டு வெயிலில் காய்ந்திருக்கிறது, அவ்வளவே வேறுபாடு. கிளிப் இருக்கைகளில் பாதி உடைந்திருக்கும், முன் இடதுபக்கம் இருந்தால் பின் வலதுபக்கம் இருக்காது, நான்கும் கிடைத்தால் நான்கும் நான்கு வாகனத்திலிருந்து வந்தவையாக இருக்கும். 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனத்தை ஓடவைத்தவர்கள் இந்த ஊரில் ஃபைபர் வேலை செய்யும் பாஸ்மார்தான், பீ.பீ. என்ற எழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அல்லர்.

அதோடு, கம்பெனியே அந்த ஆர்ச்சில் திருகாணி போட்டிருக்கிறது. கம்பெனி போட்டால் ஞானம், நான் போட்டால் கறளா?

கரையோரக் கறள்
கம்பெனி போட்ட திருகாணி நைலோன் குரோமெட்டுக்குள் இறங்குகிறது; தகட்டை அது தொடுவதே இல்லை. நீங்கள் போட்டது தகட்டைக் கடித்துக்கொண்டு இறங்குகிறது. இந்த வேறுபாடு தெரியாதவரிடம் மேற்கொண்டு என்ன பேசுவது? தண்ணீரில் ஒருநாளும் இறங்காத வாகனத்துக்கு ஸ்நோர்க்கல் என்னும் உயரக் காற்றுக்குழாயைப் பூட்டி, அதற்காக முன் மட்காட்டில் பெரிய ஓட்டை வெட்டியவரும் இவரே என்பதைப் பழைய உறுப்பினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். துளை போடுவதில் அவருக்குள்ள ஆர்வம் புதிதன்று.

கேள்வி அப்படியே இருக்கிறது: என்ன பூசினீர்கள்?

சேற்றுக்கால்
இருவரும் திருகாணியிலேயே நிற்கிறீர்கள். மீமுரே மலைக்கிராமத்துப் பக்கம் ஒடுங்கிய பாதையில் ஆர்ச் மண்மேட்டில் உரசியதைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பீ.பீ. மடிந்து, கிளிப் இரண்டைக் கழற்றிக்கொண்டு, மறுபடி தன் வடிவத்துக்கு வந்துவிடும். ஃபைபர் மடியாது, பொலியெஸ்டர் பிசினும் கண்ணாடி நாரும் கல்லாய் இறுகிய சாமான் அது, ஓர் அடியில் தெறிக்கும், தெறித்த விளிம்பு கையைக் கிழிக்கும். அதைவிட மோசமானது, திருகாணி இறுக்கமாக இருந்தால் அடியின் வேகம் தகட்டுக்குப் போய் மட்காட்டையே இழுத்து நெளித்துவிடும். காட்டுக்குப் போகிறவனுக்கு ஆர்ச் என்பது உடைவதற்காகவே இருக்கும் பாகம். கிளிப் உடையட்டும், அதற்காகத்தான் அது பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டிருக்கிறது.

கொழும்புக் கடலோர மரைன் டிரைவில் மாலைநேரம் ஓடுகிறவர்களுக்கு ஃபைபர் தாராளமாகப் போதும்.

தெஹிவளை டீசல்
மரைன் டிரைவ் என்று யாரைக் குத்துகிறீர்கள் என்பது விளங்குகிறது. என் வாகனம் வில்பத்துக் காட்டின் மணலிலும் ஓடியிருக்கிறது. நீங்கள் உடைத்த ஆர்ச்சின் துண்டை இன்றுவரை கேபிள் டையால் கட்டி வைத்துக்கொண்டு, ஃபைபர்காரனுக்குப் புத்தி சொல்ல வருகிறீர்கள்.

பெயின்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே, ஏன்? பீ.பீ.யில் பெயின்ட் ஒட்டாது. நெருப்புச் சுவாலை காட்ட வேண்டும், அல்லது அதற்கென்றே உள்ள பிளாஸ்டிக் பிரைமர் அடிக்க வேண்டும். நம்மூர் கராஜ்களில் பலர் இரண்டையும் செய்வதில்லை, அதனால் அடுத்த வருடமே தோல் உரிவதுபோல் உரிகிறது. ஃபைபரில் பெயின்ட் தகட்டில் நிற்பதுபோல் நிற்கும். இதற்குப் பதில் உண்டா?

கரையோரக் கறள்
உண்டு. பெயின்ட் அடித்த ஃபைபருக்குப் பின்னால் இருப்பது துளை. அந்தத் துளையில் என்ன பூசினீர்கள்?

கொட்டாஞ்சேனை வாத்தியார்
இரசாயனவியல் கற்பிப்பவன் என்ற முறையில் இரு தரப்பும் சற்றுப் பொறுமையாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உப்பு நீரில் ஸ்டெயின்லஸ் எஃகும் சாதாரண எஃகும் ஒன்றையொன்று தொட்டால் சாதாரண எஃகுதான் அரிபடும் என்பது சரி. ஆனால் அரிப்பின் வேகம் இரண்டின் பரப்பளவு விகிதத்தைப் பொறுத்தது. சிறிய ஸ்டெயின்லஸ் திருகாணியும் பெரிய எஃகுத் தகடும் சேர்ந்தால் பாதிப்பு பரவலாகவும் மெதுவாகவும் இருக்கும். பெரிய ஸ்டெயின்லஸ் தகட்டில் சிறிய சாதாரண ஆணியை அறைந்தால் அந்த ஆணிதான் விரைவில் அழியும். தகட்டின் பெரும்பகுதி பெயின்டால் மூடப்பட்டிருப்பதால், நமது விடயத்தில் அரிக்கப்படக் கூடிய பரப்பு துளையின் விளிம்பு மட்டுமே என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

ஆகவே திருகாணி எந்த உலோகம் என்பதைவிட, வெட்டிய விளிம்பு திறந்து கிடக்கிறதா, ஆர்ச்சுக்கும் தகட்டுக்கும் இடையில் சேறு தேங்குகிறதா என்பவையே முக்கியமானவை. சேறு தேங்குவது கம்பெனி ஆர்ச்சிலும் நடக்கிறது. துளை விளிம்புக்குத் துத்தநாகப் பிரைமர் பூசி, உள்ளே மெழுகு தெளித்து, திருகாணியின் அடியில் நைலோன் வளையம் வைத்தால் இந்தச் சண்டையின் முக்கால்வாசிக்கு வேலையில்லை.

இன்னொன்று. கலப்பில்லாத பொலிப்ரொப்பிலீன் ஒரு மீற்றர் நீளத்தில், 30 பாகை வெப்பவேறுபாட்டுக்கு, ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் விரியும். எஃகு அரை மில்லிமீற்றர்கூட விரியாது. பிளாஸ்டிக் ஆர்ச்சை அசையாதபடி திருகாணியால் இறுக்கினால் நண்பகல் வெயிலில் அது அலையலையாக எழும்புவது இதனாற்றான். ஃபைபர் இவ்வளவு விரிவதில்லை. அந்த ஒரு விடயத்தில் அதுவே தகட்டுக்கு இணக்கமானது.

தெஹிவளை டீசல்
வாத்தியார் தெளிவாகச் சொல்லிவிட்டார்: ஃபைபரே தகட்டுக்கு இணக்கமானது, ஸ்டெயின்லஸால் பெரிய பாதிப்பு இல்லை. இனியாவது இந்த இழையை மூடலாம்.

கரையோரக் கறள்
வாத்தியார் தெளிவாகச் சொன்னது வெட்டிய விளிம்பே முக்கியம் என்பது. நான் முதலிலிருந்து வேறென்ன கேட்டுக்கொண்டிருக்கிறேன்? மேலும், உங்களுக்குப் புறக்கோட்டையில் ஸ்டெயின்லஸ் என்று விற்றது ஸ்டெயின்லஸ்தானா என்பதே எனக்குச் சந்தேகம். அங்குள்ள ஒரு கடையில் எனக்குத் தந்த திருகாணியைக் காந்தத்தருகே கொண்டு போனேன், தாவி ஒட்டிக்கொண்டது. அசல் ஸ்டெயின்லஸில் காந்தம் ஒட்டாது. உங்களுடையதைப் பரிசோதித்தீர்களா?

தெஹிவளை டீசல்
பரிசோதித்தேன். ஒட்டவில்லை. சற்று இழுத்தது, ஆனால் ஒட்டவில்லை.

கரையோரக் கறள்
இழுத்தது என்றால் ஒட்டியது என்று பொருள். சற்று என்பதை நீங்கள் பெருந்தன்மையாகச் சேர்த்திருக்கிறீர்கள்.

கொட்டாஞ்சேனை வாத்தியார்
304 வகை ஸ்டெயின்லஸ், சூடாக்கிப் பதப்படுத்திய நிலையில் அநேகமாகக் காந்தத்துக்கு அசையாது. அதையே குளிர்நிலையில் உருட்டித் தலையையும் புரியையும் அமைக்கும்போது அதன் உட்கட்டமைப்பில் ஒரு பகுதி மாறிவிடுகிறது, அதனால் நல்ல திருகாணியும் காந்தத்தைச் சற்று இழுக்கும். இந்தச் சோதனையால் எதையும் நிறுவ முடியாது. கடற்கரைக்கு 316 வகையே மேல், அதிலுள்ள மொலிப்டினம் உப்பின் அரிப்பை எதிர்க்கும். ஆனால் அதையும் காந்தத்தால் அறிய முடியாது. மாணவர்களுக்குச் சொல்வதுபோல் மூன்றாம் தடவையும் சொல்ல நேரும் போலிருக்கிறது: விளிம்பு, விளிம்பு, விளிம்பு.

கரையோரக் கறள்
‘சற்று இழுக்கும்’ என்று வாத்தியார் சொல்வது அசல் ஸ்டெயின்லஸைப் பற்றி. எனக்குத் தந்தது தாவி ஒட்டியது. இரண்டும் ஒன்றல்ல. நான் பேசுவது அந்தத் தாவலைப் பற்றி.

புதிய வரவு
வணக்கம் அண்ணன்மாரே. நான் இந்த வாகனத்தை அண்மையில்தான் வாங்கினேன். என்னுடைய ஆர்ச் உடையவில்லை, சாம்பல் பூத்ததுபோல் வெளிறியிருக்கிறது, அவ்வளவுதான். மாற்றத்தான் வேண்டுமா? வெப்பக்காற்றுக் கருவியால் சூடாக்கினால் கறுப்பு திரும்பும் என்கிறார்கள். பக்கத்து வீட்டு ஐயா தேங்காய் எண்ணெய் பூசச் சொல்கிறார். நீடிக்கும் என்று எல்லோரும் சொல்கிறீர்களே, எவ்வளவு காலத்தை நீடிப்பது என்கிறீர்கள் என்பதையும் யாராவது விளக்கினால் நல்லது.

சேற்றுக்கால்
தம்பி, உடையாததை மாற்றாதே. வெயிலின் புறஊதாக்கதிர் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை மட்டும் அரித்து நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகிறது. வெளிச்சம் அதில் சிதறுவதால்தான் சாம்பல் நிறமாய்த் தெரிகிறது. சூடாக்கினால் மேற்பரப்பு இளகி மூடிக்கொள்ளும், கறுப்பும் வரும், கொஞ்ச நாளில் மறுபடி வெளிறும். பீ.பீ. 160 பாகை அளவில் உருகிவிடும் என்பதால் ஓரிடத்தில் கருவியை நிறுத்தினாயானால் ஆர்ச்சில் குழி விழும். தேங்காய் எண்ணெய் அடுத்த மழைவரை மினுங்கும், அதற்குள் காலி வீதித் தூசி முழுவதையும் ஒட்டிக்கொள்ளும். வெடிப்பு இருந்தால் பீ.பீ. கம்பியால் ஒட்டவைக்கலாம், பின்புறத்தில் எழுதியிருக்கும் அதே பிளாஸ்டிக் கம்பியாக இருக்க வேண்டும், சுப்பர் குளூ அதில் பிடிக்காது.

கரையோரக் கறள்
தம்பிக்கு என் அறிவுரையும் இதுவே, ஆனால் அதில் இன்றியமையாத ஒன்று விடுபட்டிருக்கிறது. ஒருமுறை ஆர்ச்சைக் கழற்றி உள்ளே இருக்கும் சேற்றைக் கழுவுங்கள். கிளிப் சில உடையும், உடையட்டும், கிளிப் புதிதாகக் கிடைக்கும். கழற்றும்போது முன்னைய உரிமையாளர் எங்காவது தகட்டில் துளைபோட்டுத் திருகாணி இறக்கியிருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அதைச் சுற்றிய தகட்டை விரலால் அழுத்துங்கள். விரல் உள்ளே போனால், இந்த இழையில் யார் சொன்னது சரி என்பதை நான் சொல்லாமலே அறிந்துகொள்வீர்கள்.

தெஹிவளை டீசல்
புதியவரைக்கூட விட்டுவைக்கவில்லை. வெளிறல் பற்றிக் கேட்டவருக்குத் திருகாணியைப் பற்றிப் பதில். இவரிடம் எரிபொருள் சிக்கனம் பற்றிக் கேட்டாலும் திருகாணியில்தான் போய் நிற்பார்.

என் ஆர்ச்சைச் சுற்றி எங்கும் கறள் இல்லை. வெளியே வந்து பார்க்க விரும்புகிறவர் பார்க்கலாம்.

கரையோரக் கறள்
ஆர்ச்சைச் சுற்றி இல்லை என்பது இருக்கட்டும். ஆர்ச்சின் அடியில்? கழற்றிப் படம் எடுத்துப் போடுங்கள்.

தெஹிவளை டீசல்
கழற்ற முடியாது. தண்ணீர் இறங்காமல் இருக்க ஓரம் முழுவதும் சிலிக்கோன் வைத்துப் பெயின்டும் சேர்த்து அடித்திருக்கிறது. உங்களுடைய திருப்திக்காக அதைக் கெடுக்கச் சொல்கிறீர்களா?

கரையோரக் கறள்
கழற்றவே முடியாத இடத்தில் கறள் இல்லை என்று எப்படி அறிந்தீர்கள்?

தெஹிவளை டீசல்
கழற்றவே முடியாத இடத்தில் கறள் இருக்கிறது என்று வெள்ளவத்தையில் இருந்துகொண்டு நீங்கள் எப்படி அறிந்தீர்கள்?

கரையோரக் கறள்
சிலிக்கோன் வைத்ததைச் சொன்னீர்கள். துளையில் என்ன பூசினீர்கள் என்பதை இன்னும் சொல்லவில்லை.

சேற்றுக்கால்
சிலிக்கோனிலும் ஒரு வகை காயும்போது அசற்றிக் அமிலத்தை வெளிவிடும், வினாகிரி மணம் வரும். அது வெற்றுத் தகட்டுக்கு ஆகாது. எந்த வகை வைத்தார்கள்?

தெஹிவளை டீசல்
இப்போது சிலிக்கோனா? நல்லது, அதற்கும் ஓர் இழையைத் திறந்துகொள்ளுங்கள்.